பதினான்காம் தொட்டியின் கைப்பிடி

இறுதிச் சடங்கு இல்லத்துக் கூடத்தில், டால்டனின் டையை ஏர்லின் மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டியின் விளிம்பு வயிற்றில் அழுந்தும்படி மகன்மேல் குனிந்திருந்தாள்.

"யாரு கல்யாணத்துக்கும் டை கட்ட மாட்டேன்னவன். இப்ப வசமா மாட்டிக்கிட்டான்" என்றார் பின்வரிசையிலிருந்த தாய்மாமன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஏர்லினும் முடிச்சை இழுத்துக்கொண்டே சிரித்தாள்.

கொரின் சிரிக்கவில்லை. தம்பியின் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. அவள் கண் வாசல் கதவிலேயே இருந்தது. ஆலையிலிருந்து யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றாள். வந்தவர்கள் அவள் தோளைத் தொட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி இருக்கும் பக்கம் நகர்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அக்காவும் தம்பியும் ஆற்றோரத்து எண்ணெய் ஆலையில்தான் வேலை. டால்டன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். கொரின் மீட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். குழாயில் எவ்வளவு ஓடுகிறது, தொட்டியில் எவ்வளவு நிற்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் நூற்றுக்கணக்கான மீட்டர்கள். செவ்வாய்க்கிழமை மாலை டால்டன் பதினான்காம் தொட்டியின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, எடை கட்டிய அளவு நாடாவை உள்ளே விட்டு அளக்கப் பார்த்திருக்கிறான். உள்ளே அடைந்திருந்த வாயு முகத்தில் அடித்தது. விழக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே போய்விட்டான். கண்டுபிடித்தபோது மணி ஆறே முக்கால். நாடா அவன் மடியில் கிடந்தது.

முகமூடி போடவில்லை. எல்லாரும் அதையே சொன்னார்கள். பாதுகாப்பு அதிகாரி வென்டெல் ஏர்லினின் கையைப் பிடித்துக்கொண்டு, முகமூடி மட்டும் போட்டிருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பான் என்று சொன்னார். நல்ல மனிதர்தான். சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அவன் ஏன் ஏறினான் என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. கன்ட்ரோல் ரூம் திரையில் வரும் எண்ணை நம்ப முடியாதபோதுதான் ஒருவன் நாடாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவான்.

அந்த எண்ணை அனுப்பும் மீட்டரில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வேலை பார்த்தவள் கொரின்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. மீட்டருக்குப் போகும் சின்னக் குழாயின் இணைப்பில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வால்வை மூடினாள். இணைப்பை முறுக்கினாள். துடைத்துவிட்டுப் பார்த்தாள். சொட்டவில்லை. அப்போது போன் வந்தது. கொதிகலனுக்குப் போகும் தண்ணீர் மீட்டர் செத்துவிட்டது, ஓடி வா என்றார்கள். கருவிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வால்வைத் திரும்பத் திறந்தாளா? திறக்காவிட்டால் தொட்டியில் எவ்வளவு ஏறினாலும் மீட்டருக்குத் தெரியாது.

கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. கால் திருப்பு, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை திருப்பியிருப்பாள்? மூன்று நாளாக அவள் வலது கை அதையே செய்துபார்த்தது, மேஜைமேல், மடியில், கார் ஸ்டியரிங்கில். ஆயிரத்தில் எது செவ்வாய்க்கிழமை என்று மட்டும் கைக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ராய்ஸ் வந்தார். மீட்டர் பட்டறைக்குத் தலைவர். பதினோரு வருஷமாக அவளுக்கு மேலதிகாரி. யாரிடமோ இரவல் வாங்கிய கோட், கை நீளம் போதவில்லை. பெட்டியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஏர்லினை அணைத்துக்கொண்டார். பிறகு கொரினைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு அறைக்கு வெளியே நடைக்குப் போனார். அவள் பின்னால் போனாள்.

கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். பதினான்காம் தொட்டியின் அன்றைய அளவு, மணிவாரியாகக் கோடாக வரைந்தது. காலை பத்திலிருந்து கோடு தட்டையாகப் போனது. முழுத் தட்டையும் இல்லை. மதியம் வரை மெல்ல ஏறி, மூன்று மணிக்கு உச்சம் தொட்டு, ஐந்துக்கு மேல் மெல்ல இறங்கியிருந்தது. நாலு மணியிலிருந்து பம்பு அந்தத் தொட்டிக்குள் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கோடு ஏறியிருக்க வேண்டும். இறங்கியது.

தொட்டி நிறைய இருக்கும் எண்ணெய்க்கு வெயில் சாய்வது தெரியாது. மூடிய வால்வுக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கையளவு எண்ணெய்க்குத் தெரியும். சூட்டில் விரியும், நிழலில் சுருங்கும். அந்தத் தாளில் இருந்தது தொட்டியின் அளவு இல்லை. செவ்வாய்க்கிழமை வெயில்.

"வேற யாரு பாத்தாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும் பாத்தாங்க. யாருக்கும் புரியல. மீட்டர் மக்கர் பண்ணுதுன்னு விட்டுட்டாங்க. அவங்களுக்கு முகமூடிதான் பேச்சு."

"கைப்பிடி எப்படி இருக்கு?"

"நான் போய்ப் பாக்கல. பாத்தேன்னா பாத்தேன்னு சொல்லியாகணும்." தாளை வாங்கி மடித்தார். "திங்கக்கெழம அரசாங்கத்து ஆளுங்க வர்றாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கப் பூசைக்கு ஆலையில பாதிப் பேர் கோயில்ல இருப்பாங்க. நான் மட்டும் ஆலைக்குப் போயிட்டுக் கொஞ்சம் லேட்டா வருவேன்."

"ராய்ஸ்..."

"நீ ஒண்ணும் சொல்லாத. சரின்னும் சொல்ல வேணாம். செத்தவன் செத்தாச்சு. உங்கம்மாவுக்கு மிச்சம் நீ ஒருத்திதான்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். அது துக்கமில்லை, நிம்மதி. தம்பி கிடக்கும் அறைக்கு இருபதடி தள்ளி நின்றுகொண்டு நிம்மதிப்பட்டோம் என்பது உறைத்ததும், செவ்வாய்க்கிழமையிலிருந்து இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து அவளுக்குள் உட்கார்ந்தது.

உள்ளே ஜெபமாலை தொடங்கியிருந்தது.

வெளிச்சம் மறைவதற்குள் வீடு திரும்பினார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த கம்போ குழம்பு, உருளைக்கிழங்கு சாலட் என்று அடுப்படி நிறையப் பாத்திரம். அடியில் ஒட்டிய துண்டு டேப்பில் அந்தந்த வீட்டுப் பெயர். ஏர்லின் கழுவினாள், கொரின் துடைத்தாள்.

"அவன் ஏன் மேல ஏறினான்?" என்றாள் ஏர்லின்.

கொரின் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

"அவனுக்கு ஒசரம்னா பயம். உனக்குத் தெரியாதா? கூரைமேல பந்து போனா உன்னத்தான் ஏறச் சொல்லுவான். அவசியமில்லாம அவன் ஏற மாட்டான். அங்க அப்படி என்னடி அவசியம்?"

"எனக்குத் தெரியலம்மா."

"நீ அங்கதானே இருக்க."

"தெரியல."

ஏர்லின் குழாயை மூடினாள். "அலட்சியமாப் போயிட்டான்கிறாங்க. இன்னிக்கு முப்பது பேரு எங்கிட்ட வந்து, பாவம், அலட்சியமா இருந்துட்டான்னாங்க. கல்லறைக் கல்லுல செதுக்கி வெக்கல, அது ஒண்ணுதான் பாக்கி."

சனிக்கிழமை காலை கொரின் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டாள். நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாகவும் அம்மா மாமன் வண்டியில் வரட்டும் என்றும் சொல்லிவிட்டு எட்டரைக்குக் கிளம்பினாள். ஆற்றுக்கரைச் சாலையில் ஓட்டும்போது, பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நீளவாக்கில் இருந்தால் இந்தப் பயம் தீர்ந்தது. குறுக்கே இருந்தால் என்ன செய்வது என்பதை நினைக்காமல் பார்த்துக்கொண்டாள். திருப்பிவைக்கத்தான் போகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள ஆலை வாசல் வரை ஆயிற்று.

காவலுக்கு இருந்த ஒடெஸா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கா?"

"ஒண்ணு விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துர்றேன்."

ஒடெஸா மேற்கொண்டு கேட்கவில்லை. நீல மேலுடையும் தொப்பியும் எடுத்துக் கொடுத்தாள். "இந்தச் செருப்போட உன்ன உள்ள விட்டா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க" என்றாள். கொரின் காரிலிருந்த பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

பதினான்காம் தொட்டியின் படிக்கட்டைச் சுற்றி மஞ்சள் தடுப்பு நாடா கட்டியிருந்தார்கள். மீட்டர் இருந்தது எதிர்ப்பக்கம், முழங்கால் உயரத்தில். நாடா அதுவரை வரவில்லை. அங்கே பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. குனிந்தாள்.

குறுக்கே இருந்தது.

சுற்றிலும் யாரும் இல்லை. எங்கோ ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய்க் கைப்பிடியில் பொருந்தியது, எப்போதும் பொருந்துகிற மாதிரி. மூச்சு விடுகிற நேரம்தான் ஆகும். அதன்பிறகு இது யாருக்கும் தெரியப்போவதில்லை. டால்டனின் அலட்சியம் மட்டும் இருக்கும். அதை அம்மா சாகிறவரை ஊர் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று இவளும் தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

பையில் போன் அதிர்ந்தது.

"எங்கடி இருக்க? எல்லாரும் வண்டியில ஏறியாச்சு."

"அம்மா. அவன் ஏன் ஏறினான்னு கேட்டியே."

கொரின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"கீழ இருக்கிற மீட்டர் தப்பா காட்டிச்சு. தொட்டி நெறயுது, எண்ணு ஏறல. அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கு. வழிஞ்சா ஆலையே எரிஞ்சிரும். அதான் ஏறியிருக்கான்."

"யாரு சொன்னா?"

"நான் அதுங்கிட்டதான் நிக்கிறேன். மீட்டருக்குப் போற வால்வு மூடியிருக்கு." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "செவ்வாக்கெழம காலைல மூடினது நான்தான். தெறக்காமப் போயிட்டேன்."

மாமன் தூரத்தில் எதையோ சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஏர்லின் மூச்சு விடுவது கேட்டது.

"நீ வருவியா?"

"இத முடிச்சிட்டு."

"எவ்ளோ நேரமாகும்?"

"தெரியலம்மா."

கார்க் கதவு சாத்தும் சத்தம் வந்தது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கொரின் வென்டெலைக் கூப்பிட்டாள். கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தார். காமிராவோடு பதினான்காம் தொட்டிக்கு வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டார். வாங்க என்றாள். பிறகு மூன்றடி பின்னால் நகர்ந்து இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள்.

முதலில் வந்தது ராய்ஸின் வண்டி. இறங்கி அவளைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார்.

"தள்ளிக்கோ."

"வென்டெல் வந்துக்கிட்டிருக்காரு."

ராய்ஸ் தாடையைத் தேய்த்தார். கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டார். அது மறுபடி மேலேறிக்கொண்டது. "பைத்தியக்காரி" என்றார். பிறகு, "நான் இங்க வரல."

"நீங்க வரல."

வண்டி போயிற்று. மணி பத்தாகக் கொஞ்சம் இருக்கும்போது வென்டெல் கறுப்பு சூட்டும் மஞ்சள் தொப்பியுமாக வந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் கால்சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் சரளைக்கல்லில் முழங்கால் போட்டுக் காமிராவைக் கண்ணில் வைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கோயில் மணி கேட்டது.

"கொரின், உங்க நிழல் கைப்பிடி மேல விழுது" என்றார் மெதுவாக. "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

அவள் தள்ளி நின்றாள்.