மூச்சை விடுங்க, அண்ணே

"மூச்ச நல்லா உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சுக்குங்க, அண்ணே."

எக்ஸ்ரே எடுக்கும் பெண் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். அவர் இழுத்தார். பிடிக்கத்தான் முடியவில்லை. மார்பைப் பலகையோடு ஒட்டி வைத்து நின்ற அந்தச் சிறிய அறையில், தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது போலிருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அந்தப் பெண் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

"அவசரமில்ல. இப்ப இழுக்கவே வேணாம். இருக்கிறத மெதுவா வெளிய விடுங்க, போதும்."

அவர் விட்டார். கடைசிச் சொட்டுவரை விட்ட பிறகு மூச்சு தானாகவே உள்ளே வந்தது. அதற்குள் பொத்தானுக்குத் திரும்பியிருந்த அவள் அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்துவிட்டாள்.

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து நான்கு. இருபது வருடங்களாக அதே வேலை. ஏழு மாதங்களுக்கு முன்னால், ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் இருந்த கூட்டாளி, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைப் போட்டுவிட்டான். லிஃப்ட் பெட்டி மெதுவாக, மிக மெதுவாக இறங்கி வந்தது. அவர் குழியின் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். இப்படியொரு சமயத்துக்கென்றே விட்டிருக்கும் இடைவெளி அவரைக் காப்பாற்றியது. மூக்குக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இரும்பு. பெட்டியை மறுபடி மேலே ஏற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாளே வேலைக்குப் போனார். ஆனால் குழியின் ஏணியில் கால் வைத்ததும் மூச்சு நின்றுபோனது. "முழங்கால் வலிக்குதுடா, நீ இறங்கு" என்றார் கூட்டாளியிடம். அன்றிலிருந்து முழங்கால்தான் எல்லாவற்றுக்கும் சாக்கு. பொத்தான்களையும் கதவுகளையும் மட்டும் பார்த்துக்கொண்டார். லிஃப்டில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். கருவிப்பையைச் சுமந்துகொண்டு அவர் எட்டு மாடி படியேறுவதைப் பார்த்த ஒரு அம்மாள், "ஏங்க, நீங்களே ஏறலேன்னா நாங்க எப்படிங்க ஏறுறது?" என்று கேட்டுவிட்டு, அவளும் படியிலேயே இறங்கிப் போனாள்.

இரவில் தூக்கம் போனது. வீட்டில் கரண்டி விழுந்தாலும் எரிந்து விழுந்தார். கடைசியில் நெஞ்சு அடைக்கிறது என்று அவரை மருத்துவமனைக்கு இழுத்து வந்தவள் மனைவிதான்.

படத்தையும் இதயப் பரிசோதனையையும் பார்த்த டாக்டர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, மனதைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லி மறுவாரம் வரச் சொன்னார். வெளியே வந்தபோது எக்ஸ்ரே பெண் எதிர்ப்பட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு மூச்சு இழுக்கத் தெரியுது. விடத்தான் மறந்துபோச்சு. நூலகத்துக்கு மேல ஒரு ஹால் இருக்குல்ல, வாரத்துல மூணு நாள் காலைல அங்க யோகா சொல்லிக்கொடுக்கிறேன். டாக்டர் சொல்றதையும் கேளுங்க, அங்கயும் வாங்க."

"எனக்கு இதெல்லாம் வளையாதும்மா."

"வளையறவங்களுக்கு நான் எதுக்கு?"

மனைவி அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே திரும்பிவிடப் பார்த்தார். உள்ளே பத்துப் பெண்கள். பேக்கரிக்காரி, பஸ் ஓட்டும் ஒரு அம்மா, வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர். ஆண் வாடையே இல்லை. "வாங்க, வாங்க, இந்த இடம் காலிதான்" என்று பஸ்கார அம்மா நகர்ந்து கொடுத்தாள். பயணிகளுக்குச் சொல்லிப் பழகிய குரல், தட்ட முடியவில்லை.

குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார்கள். அவர் கை முழங்காலோடு நின்றது.

"விரல் எங்கயும் ஓடிப்போயிடாது, அண்ணே. எவ்வளவு வருதோ அவ்வளவுதான். வலிச்சா நிறுத்திடுங்க" என்றாள் எக்ஸ்ரே பெண். இங்கே எல்லோருக்கும் அவள் டீச்சர்.

கையை உயர்த்தினார்கள், முதுகைத் திருப்பினார்கள், ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒற்றைக் காலில் அவர் நின்றதைவிடத் தள்ளாடியதே அதிகம். பேக்கரிக்காரி அவரைப் பிடிக்கப் போய் அவளும் சேர்ந்து சரிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு என்பது அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

கடைசியில், "மல்லாந்து படுத்துக் கண்ண மூடிக்குங்க" என்றாள் டீச்சர்.

படுத்தார். மூடினார். அவ்வளவுதான், இரும்பு இறங்கியது. துள்ளி எழுந்தவர் ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்துதான் நின்றார்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அன்று மாலை அவர் மனைவியின் செல்போனுக்கு டீச்சர் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'அண்ணன் படுக்க வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் திறந்தே இருக்கட்டும். இங்கே யாருக்கும் பரீட்சை இல்லை.'

மனைவி அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். "என்னங்க, படுக்கிறதுல என்ன பிரச்சினை? முழங்கால்தானே வலின்னு சொன்னீங்க?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். குழி, இரும்பு, நாற்பது நிமிடம். குழியில் சிக்கியதை அவளுக்கு அதுவரை அவர் சொன்னதே இல்லை.

"ஏழு மாசமா இத தனியாவா தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் தோளில் நெற்றியை முட்டி அழுதாள்.

மறுவாரம் டாக்டரிடமும் அதைச் சொன்னார். டாக்டர் அனுப்பிய மனநல ஆலோசகரிடம் மாதம் இருமுறை போய்ப் பேசினார். யோகா வகுப்பையும் விடவில்லை. மற்றவர்கள் படுக்கும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டார். மூன்று வாரத்தில் முதுகின் இறுக்கம் விட்டது. குனிந்து ஷூ நாடா கட்டும்போது 'ஐயோ அம்மா' வருவது நின்றது. ஐந்தாவது வாரத்தில் ஒருக்களித்துப் படுத்தார். எட்டாவது வாரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே மல்லாந்தார். அடுத்த முறை குறட்டையே விட்டுவிட்டார். யாரும் எழுப்பவில்லை. எழுந்து பார்த்தால் ஹாலில் அவரும், வேலைக்குக் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்த டீச்சரும்தான்.

"மன்னிச்சுக்கம்மா."

"இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கியிருக்கலாம், அண்ணே. நான்தான் செருமிட்டேன்."

வீட்டில் மகள் ஒருநாள் பால் டம்ளரைக் கொட்டிவிட்டு, வழக்கம்போல் கத்தலை எதிர்பார்த்துக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். அவர் துணியை எடுத்துவந்து துடைத்தார். மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

ஆனால் வேலையில் இன்னும் கூட்டாளிதான் குழிக்குள் இறங்கினான். சுருட்டை முடிக்காரன், அதனால் எல்லோருக்கும் அவன் 'சுருட்டை'. பதினொரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு துணிக்கடையின் லிஃப்டுக்கு மாதப் பராமரிப்பு. அவர் எதுவும் கேட்காமலே சுருட்டை குழியின் ஏணியை நோக்கிப் போனான்.

"இருடா. எனக்கு முழங்கால் வலியெல்லாம் இல்ல. பயம்" என்றார் அவர்.

சுருட்டை திரும்பவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"முழங்கால் வலிக்காரன் எட்டு மாடி படியேறுவானா?" அவன் இப்போது திரும்பினான். "சுவிட்சப் போட்டது நான். என்மேல நம்பிக்கை போயிடுச்சு, அதான் நீ இறங்க மாட்டேங்கிறேன்னு நெனச்சேன். கேக்க வாய் வரல. அந்த நாப்பது நிமிஷம் உன் பேரைச் சொல்லிக் கத்திட்டே இருந்தேன். நீ பதிலே சொல்லல."

"சத்தம் வரலடா. மூச்சே வரல, சத்தம் எங்க வரும்?"

இருவரும் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு அவர் எழுந்தார்.

"இன்னைக்கு நான் இறங்குறேன்."

சுருட்டை மேலே ஓடி மெயின் சுவிட்சை அணைத்தான். பூட்டுப் போட்டான். சாவியைக் கொண்டுவந்து அவர் சட்டைப்பையில் திணித்தான். "உன்கிட்டயே இருக்கட்டும். நீ ஏறி வந்து கொடுத்தாத்தான் கரண்டு."

ஏணியில் நான்கு படி. இரண்டாவது படியில் தொண்டை அடைத்தது. அவர் நின்றார். உள்ளே இழுக்க முயலவில்லை. இருந்ததை மெதுவாக விட்டார். மறுபடி விட்டார். பயம் போய்விடவில்லை. அது பக்கத்திலேயே நின்றது, ஆனால் கழுத்தைப் பிடிக்கவில்லை. மூன்றாவது படி. நான்காவது படி. காலடியில் தரை வந்தது.

"என்னடா ஆச்சு?" மேலிருந்து சுருட்டையின் முகம் எட்டிப் பார்த்தது.

"இறங்கிட்டேன். நீ பேசிட்டே இரு."

சுருட்டை வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். மச்சான் வாங்கிய பழைய ஸ்கூட்டரைப் பற்றி, அது ஸ்டார்ட் ஆகாத கதையைப் பற்றி. ஸ்கூட்டரை மூன்று பேர் தள்ளிய இடம் வந்தபோது, தான் மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. டார்ச்சைத் திருப்பித் திருப்பி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தாங்கும் கருவியில் எண்ணெய் அளவுகோட்டுக்குக் கீழே இருந்தது. ஓரத்தில் கசிவு. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டேய், போன மாசம் இத நீ பாக்கவே இல்லையா?"

"பாத்தேனே!"

"கிழிச்ச. எண்ணெய் கேனை எறக்கு. ஒரு பழைய துணியும் வேணும்."