மேல்வீட்டுக் கடல்

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில், கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள மாடிக் கட்டடத்தில், லெஸ்லியின் வீட்டுக்குள் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கியது. கணுக்கால் அளவுதான், பிள்ளைகளே, பயப்பட ஒன்றுமில்லை. கூடவே பாசி வாசமும் குட்டி நண்டுகளும் வரும். லெஸ்லி இந்து சமுத்திரத் தீவொன்றில் பிறந்தவர். படைத்தளம் கட்டவென்று பிரித்தானியர் தீவுச் சனம் முழுவதையும் கப்பலேற்றியபோது அவர் பள்ளிக்கூடம் காணாத குழந்தை. தீவு அவரைத் தேடி அலைந்து, கடைசியில் இந்த முகவரியைக் கண்டுபிடித்தது.

கீழ்வீட்டுச் சிவகௌரி சூரிச்சிலிருந்து வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரி. பலகாரம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். மேல்தளம் ஒழுகி முறுக்கு மா உப்புக் கரித்துப்போனதும் படியேறிப் போனார்.

“அண்ணை, உங்கட கடல் என்ரை அடுப்புக்குள்ளை விழுகுது. பூட்டி வைக்க ஏலாதோ?”

தமிழர் நடுவே வருடக்கணக்கில் இருந்த லெஸ்லி தமிழிலேயே சொன்னார்: “பூட்டினால் கோவிச்சுக்கொண்டு போயிடும், தங்கச்சி. பிறகு வராது.”

ஊரை விட்டு வந்தவருக்கு அது விளங்கியது. ஒழுக்கின் கீழ் வாளி வைத்தார். விழுந்த மீனில் சொதி வைத்து மேலே அனுப்பினார். திருத்த வந்த கவுன்சில்காரரிடம், ஒழுக்கே இல்லை என்று கூசாமல் சொன்னார்.

தீவுக்காரர் திரும்பிப் போகலாமா என்ற வழக்கு வருடங்களாக இழுபட்டது. அங்கே எவரும் நிலையாகக் குடியிருந்ததில்லை, கூலிக்கு வந்துபோனவர்கள்தான் என்றது அரசுத் தரப்பு. லெஸ்லியிடம் ஆதாரமாகக் காட்ட ஒன்றுமில்லை. கடைசித் தவணைக்குச் சிவகௌரி ஒழுக்குத் தண்ணீர் வாளியோடு நீதிமன்றம் போனார். உள்ளே கொண்டுபோகும் எந்தத் தண்ணீரையும் குடித்துக் காட்டவேண்டும் என்பது அங்கே வழமை; வாசல் காவலர் அதையும் குடித்துக் காட்டச் சொன்னார். சிவகௌரி ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, உள்ளே போனார். பின்னேரம் அரசு வழக்கறிஞர் பேசிக்கொண்டிருக்கையில் தீவில் கடல் ஏறும் நேரம் வந்தது. வாளி நிரம்பி வழிந்தது. தண்ணீர் எல்லோருடைய சப்பாத்துகளையும் விலத்திக்கொண்டு போய், வளர்த்த நாய் மாதிரி லெஸ்லியின் காலடியில் படுத்தது.

நீதிபதி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். யாருமே குடியிருக்காத தீவுக்கு இந்த மனிதரை எப்படித் தெரியும் என்று அரசு வழக்கறிஞரைக் கேட்டார். தீர்ப்பு லெஸ்லியின் பக்கம் வந்தது.

“கடலையும் கூட்டிக்கொண்டு போறன். இனி உனக்குக் கரைச்சல் இல்லை, தங்கச்சி.”

“ஓம், போங்கோ. இனி மீனைக் காசு குடுத்தெல்லோ வாங்கவேணும்,” என்று சிவகௌரி மூக்கை உறிஞ்சினார்.

மேல்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் தரை காய்ந்தே இருக்கிறது. சிவகௌரியின் வாளியில் மட்டும் இன்றைக்கும் கடல் ஏறி வடிகிறது. சிலவேளை அதில் ஒரு மீன் கிடக்கும், லெஸ்லி செதில் சுரண்டி அனுப்பியது. சிவகௌரியும், வடியும் நேரம் பார்த்து, முறுக்குப் பையை இறுகக் கட்டி வாளிக்குள் விடுகிறார். அடுத்த ஏற்றத்தில் பை கழுவி, மடித்து வருகிறது.