சைக்ளோபொஸ்பமைட் என்றால் என்ன, மாஸ்ரர்?

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை வரிசையில் நின்றபோது ஒரு பெட்டியின் பெயரை வாசிக்கப்போய் நாக்குச் சுளுக்கியது. அதில் பிறந்த கதை இது. முதல் வரி இப்படி இருந்தது: 'குருநகர்க் கடலில் அன்று காற்று...' வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் வேலை குறைவு.

2.
ஜெறோம் மாஸ்ரர் குருநகரில் இரசாயனவியல் ரியூசன் கொடுக்கிறவர். "பேரை உடை, பொருள் தெரியும்" என்பது அவருடைய பல்லவி. (முதல் பிரதியில் அவருக்கு வழுக்கை வைத்திருந்தேன். பாவம், எடுத்துவிட்டேன்.)

அவரிடம் படித்த ஷெரோன் போன கிழமை அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய அப்பா யாகப்புவுக்குப் புற்றுநோய்.

"அப்பாவின்ரை மருந்தை அம்மாவிட்டைச் சத்துக் குளிசை எண்டு சொல்லியிருக்கிறம், சேர். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. அவ தாங்கமாட்டா."

மாஸ்ரர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, சுகமான வேலை.

3.
இன்று அந்த அம்மா, லூர்த்தம்மா, வந்து நிற்கிறா. கையில் வெறும் குளிசைப் பெட்டி.

"உதிலை கிடக்கிற பேருக்கு என்ன அர்த்தம், மாஸ்ரர்?"

மாஸ்ரருக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொல்ல வழியில்லை. ஆகவே பெயரை உடைத்தார்.

"சைக்ளோ எண்டால் வளையம். பொஸ்பரஸ் எண்டால் வெளிச்சத்தைத் தாங்கிறது. கிரேக்கத்திலை விடிவெள்ளிக்கும் உதுதான் பேர். அமைட் எண்டது அமோனியாவிலை இருந்து வந்தது. அமோனியா ஒரு எகிப்துச் சாமியின்ரை பேரிலை..."

எழும்பிப்போய்க் கரும்பலகையில் வளையமும் கீறினார்.

(இங்கே லூர்த்தம்மா கதறி விழுவதாக எழுதிப் பார்த்தேன். சீ, பொய்யாக இருந்தது.)

"விடிவெள்ளி தெரியும். எங்கடை அவர் கடல் தொழிலாலை திரும்பிற நேரம்," என்றா. பிறகு, "சத்துக் குளிசையெண்டால் ஒரு சொல்லிலை முடிச்சிருப்பியள். நீங்கள் இவ்வளவு கதைக்கிறியளே, மாஸ்ரர்."

மாஸ்ரர் சோக்குக் கட்டியைக் கீழே வைத்தார். வெட்கமாக இருந்தது.

லூர்த்தம்மா பெட்டியை மடித்து இடுப்பில் செருகினா. "நான் வந்து கேட்டதைப் பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவள் தாங்கமாட்டாள்."

மாஸ்ரர் மறுபடியும் தலையாட்டினார்.

4.
மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் யாகப்பு சுகப்படுகிறார். அது என் ஆசை, கதையில்லை. இன்னொன்றில் அவர்... அதை அடித்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்.

பின்னேரம் ஷெரோன் வாசலில் நிற்கிறாள். "சேர், அம்மா வந்து ஏதும் கேட்டவவோ?"

பலகையில் வளையம் இன்னும் அழிபடவில்லை. அவள் அதைப் பார்க்கிறாள். மாஸ்ரர் வாயைத் திறக்கிறார்.

ஓம். இல்லை. இரண்டும் சின்னச் சொல்தான். உடைத்துப் பார்க்க உள்ளே ஒன்றும் கிடையாது. எதை எழுதினாலும் எனக்குக் கை கூசுகிறது. இந்தாருங்கள், பேனா.