எடை குறையும் பெட்டி

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் எண் கவுண்டர் பெண் அதை என் பக்கமே தள்ளி வைத்தாள்.

"அடியில சீட்டு ஒட்டலையே சார். ஆறு பக்கமும் இருக்கணும்."

"அடியில யார் பார்க்கப் போறாங்க?"

"எது அடின்னு பெட்டிக்குத் தெரியுமா சார்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்து மூடினாள். நான் பெட்டியின் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே பென்சிலால் 1640 என்று எழுதியிருந்தது. எடை பார்த்து மூலையில் குறித்துக்கொண்ட பிறகுதான் மற்ற சோதனைகள். அதுவும் என் மனைவி பழக்கிவிட்டுப் போனதுதான்.

அந்தத் தபால் நிலையத்தின் பார்சல் கவுண்டரில் அவள் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பெட்டி வந்தாலும் ஆறு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள் என்பதால், அங்கே அவளுக்கு 'ஆறுபக்க அக்கா' என்று பெயர். கவுண்டருக்கு வெளியே நிற்பவர்களும் அதே பெயரைச் சொல்லித் திட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள்தான் இந்த மூன்றாம் எண் பெண். முதலில் எனக்குத் தொலைபேசியில் சொன்னவளும் அவளே.

அஸ்தியைத் தபாலில் அனுப்புவதற்கென்று நான்கு பக்க விதிமுறை இருக்கிறது. உள் பாத்திரம் மூடி திருகுவதாக இருக்க வேண்டும், தூள் கசியக் கூடாது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல் தடிமனுக்குப் பஞ்சோ நுரையோ அடைக்க வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள் வெளியே மட்டுமல்லாமல் உள் பாத்திரத்தின் மேலும் இருக்க வேண்டும். தகனச் சான்றிதழின் நகல் வேண்டும். 'எரியூட்டப்பட்ட மனித எச்சம்' என்ற சீட்டு ஆறு முகங்களிலும் தெரிய வேண்டும். கடைசியாக, அலுவலர் பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும்போது உள்ளே எதுவும் ஆடக் கூடாது. இதையெல்லாம் அவள் வாழ்ந்த காலத்தில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். ஒருவர் தன் அப்பாவை பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்தாராம். "பிஸ்கட் படத்துக்கு மேலயே ஒட்டுங்கன்னு நிக்கிறாரு, என்ன சொல்றது?" என்று இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்று நானும் சிரித்தேன்.

பெட்டி போக வேண்டியது அவளுடைய அண்ணனுக்கு. கடல் தாண்டி இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய் டயாலிசிஸில் இருப்பதால் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தகனம் முடிந்த அன்று தொலைபேசியில் ஒரே ஒரு விஷயம் கேட்டார். "பாதி எனக்கு அனுப்புங்க மாப்பிள்ளை. அவ பொறந்தப்ப அம்மாவுக்கு அப்புறம் தூக்கினது நான்தான். ஒரு தடவை கையில வாங்கிக்கிறேன். அப்புறம் என்கூடவே வச்சிடச் சொல்லி என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்." அனுப்பி வைக்கிறேன் மச்சான் என்றேன். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நான்கு மாதம் கழித்துத்தான் பெட்டியே வாங்கினேன்.

அடியில் சீட்டு இல்லாதது மட்டுமல்ல, பஞ்சும் போதவில்லை என்று மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டியிருந்தாள் அந்தப் பெண். மறுநாள் காலை சமையலறை மேஜையில் பெட்டியைப் பிரித்தேன். பஞ்சு வைப்பதற்குப் பாத்திரத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தேன். பால்பவுடர் டப்பாவில் கிடக்கும் பிளாஸ்டிக் அளவுக் கரண்டிதான் கைக்கு எட்டியது. பாதியாகப் பிரித்தபோதும் அதைத்தான் பயன்படுத்தினேன். இரண்டு கரண்டி எடுத்து, அலமாரியில் இருந்த என் பங்கில் சேர்த்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனிதர்கள் விருந்தாளியை வழியனுப்பும்போது வாசலில் நின்று இன்னும் ஐந்து நிமிடம் பேசுவார்களே, அதைப் போல என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரண்டாவது முறை, உள் பாத்திரத்தின் மேல் முகவரி எழுத மறந்திருந்தேன். "உள்ள எழுதியிருக்கீங்களா சார்?" என்று கேட்டபோது பொய் சொல்லியிருக்கலாம். அவள் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. இல்லை என்றேன், ஏறக்குறைய சந்தோஷமாக. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பினேன். அடுத்த நாளும் பாத்திரம் திறந்தது. கரண்டியும் உள்ளே போனது.

அந்த வாரம் மச்சான் கூப்பிட்டார். அவருடைய குரல், ஈரத் துணியைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சொட்டுகள் போல விட்டுவிட்டு வந்தது.

"எப்படி இருக்கீங்க மச்சான்?"

"எனக்கென்ன. வாரத்துல மூணு நாள் துவைச்சுக் காயப்போடுறாங்க. சாயம்தான் போகுதே தவிர அழுக்கு போகல." சிரித்தார். பிறகு மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அங்க மழையா?"

"இல்ல மச்சான். நல்ல வெயில்."

"சரி சரி. வெயிலா. அவசரம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நான் எங்க போயிடப் போறேன். போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன்."

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவர் தொலைபேசியை வைத்த பிறகு அவருடைய மகள் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, அப்பா தினமும் காலையில வாசல் கதவுக்கு நேரா நாற்காலியைப் போடச் சொல்றாரு. தபால்காரர் மணி அடிச்சா எந்திரிச்சுப் போறதுக்குள்ள திரும்பிடுவாராம். கையெழுத்து அவரே போடணுமாம்."

மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. சீட்டு, முகவரி, சான்றிதழ். எடை பார்த்து மூலையில் எழுதினாள். பிறகு விதிப்படி பெட்டியைக் குலுக்க வேண்டும். இரண்டு கைகளாலும் தூக்கிக் காதருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அவளால் முடியவில்லை.

"நீங்களே ஒரு தடவை ஆட்டுங்க சார்."

வாங்கி ஆட்டினேன். உள்ளே, மூடிய கைக்குள் சோழிகள் உரசுவதுபோல் ஒரு சத்தம். பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் 'மூடப்பட்டது' பலகையை எடுத்து வைத்துவிட்டு, பக்கக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். பார்சல் அறையில் எடை மேடையின் மேல் பெட்டியை வைத்து, மூலையைக் காட்டினாள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எண்கள். 1640. 1520. 1390.

"அதே பெட்டி. பஞ்சு வேற கூட வச்சிருக்கீங்க. எடை மட்டும் எப்படி சார் குறையுது?"

நான் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன். ஒரு பக்கத்தில் எண் மாறியிருந்தால் தூக்கத்திலும் கண்ணில் படும். அந்த மூலையை நான் பார்க்காமல் இல்லை.

"எடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"ஒவ்வொரு தடவையுமா?"

தலையாட்டினேன். அவள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா மட்டும் இருந்திருக்கணும், உங்களைக் கவுண்டர்லயே வச்சு நாறடிச்சிருப்பாங்க" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது பாதியில் வேறாகிவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அலுவலகக் குரலுக்குத் திரும்பினாள்.

"எவ்வளவு அனுப்பணும்னு விதியில இல்ல. ஒரு சிட்டிகை அனுப்பினாலும் அது அனுப்பினதுதான். பாத்திரத்துக்குள்ள மேல பஞ்சை வச்சு அடைச்சிட்டு வாங்க, ஆடாது. நான் வாங்கிக்கிறேன். யாரும் உங்களை ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

"மச்சான் கேட்பாரா?"

"அவருக்கு எப்படி சார் தெரியும்?"

பஞ்சு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மேஜையில் இரண்டு பாத்திரங்களையும் திறந்து வைத்தேன். பகல் வெளிச்சத்தில் அது சாம்பல் நிறம்கூட இல்லை, கடற்கரையில் காய்ந்த மணல்போல் வெளுத்துக் கிடந்தது. பஞ்சை உருட்டி உள்ளே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அங்கே அவர் மூடியைத் திருகித் திறப்பார், முதலில் கையில் வருவது இந்தப் பஞ்சாக இருக்கும். அவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். அவளோடு எத்தனையோ வருடம் சேர்ந்து இருந்தவன் நான். அவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளைத் தூக்கிச் சுமந்தவர் அவர். எனக்குத் தெரியாத ஒரு குழந்தை அவளுக்குள் இருந்தது, அது அவரிடம் மட்டுமே இருக்கிறது. அவரும் போய்விட்டால் அதைப் பார்த்த கண் ஒன்றுகூட இருக்காது.

பஞ்சை எடுத்துவிட்டு, என் பங்கில் சேர்த்ததையெல்லாம் திரும்பப் போட்டேன். கரண்டியை எண்ணவில்லை. பாத்திரம் வாய்முட்ட நிரம்பும் வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான்காவது முறை மூலையில் 1710 என்று விழுந்தது. மூன்றாம் எண் பெண் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளே குலுக்கினாள். பிறகு நான்கு பிரதி உள்ள படிவத்தைத் தள்ளினாள். எழுதிக்கொண்டே வந்தவன் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டேன். 'பெறுபவரிடம் சேர்க்க இயலாவிட்டால்: அனுப்பியவருக்குத் திருப்புக / வேறு முகவரிக்கு அனுப்புக / கைவிடுக.'

முதல் கட்டத்தின் மேல் பேனா தானாகப் போய் நின்றது. பெட்டி போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். மச்சானுக்கு மூன்று வாரம் இருக்கிறதா என்று அவருடைய மகளுக்கே தெரியாது. அதில் குறி போட்டால், மனதின் ஏதோ ஒரு மூலையில் நான் எதற்காகக் காத்திருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது.

"எல்லாரும் என்ன போடுவாங்கம்மா?"

"அதை மட்டும் நாங்க சொல்லக் கூடாது சார்" என்றாள் மெதுவாக.

வேறு முகவரி என்பதில் குறியிட்டு, அவருடைய மகளின் பெயரை எழுதினேன். நான்காம் பிரதி வரை பதிய வேண்டும் என்று அழுத்தி எழுதினேன்.

வெளியே வந்தும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்குப் போனேன். தபால் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. சுமை ஏற்றுபவர் ஏதோ விசில் அடித்தபடி பெட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். என்னுடையது வந்தது. சீட்டைப் படித்தாரா என்று தெரியவில்லை, விசில் நிற்கவில்லை. ஒரு மின்விசிறி அட்டைப்பெட்டிக்கும் யாரோ கொட்டை எழுத்தில் 'செருப்பு' என்று எழுதியிருந்த பொட்டலத்துக்கும் நடுவில் வைத்தார். கதவைச் சாத்தினார். கதவு பொருந்தவில்லை. மறுபடி சாத்தினார், இடித்து நின்றது. நான் என்னை அறியாமல் இரண்டடி முன்னால் போய்விட்டேன். அவர் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, அந்தப் பெட்டியை மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குத் தள்ளினார். மூன்றாவது முறை தாழ்ப்பாள் விழுந்தது.