தாய் மட்டும்

காலை ஐந்தரைக்கு எழும்புவேன். கேத்தலில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் முகம் கழுவிச் சட்டையை அயர்ன் பண்ணிவிடலாம். ஆறு மணிக்கு யதுர்ஷாவை எழுப்புவேன். அவளுக்கு நாலரை வயது. கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்குவாள். கக்கத்தில் தர்மாமீட்டரை வைப்பேன். முப்பத்தாறு புள்ளி நான்கு. பிறகு பல் துலக்கல், பணிஸ், பால்தேநீர். ஏழு மணிக்கு முன்பள்ளி வேன் வரும். அவளை ஏற்றிவிட்டு நான் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நடப்பேன். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

ஏழு மாதமாக இப்படித்தான். அதற்கு முன் இவற்றில் பாதியை என் மனைவி கம்சலா செய்தாள்.

கம்சலா டெங்குவில் இறந்தாள். அதே வாரம், அதே காய்ச்சலில், எங்கள் மகளை நான் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினேன் என்று எங்கள் லய வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை.

மொனராகலையில் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போன இடத்தில் கம்சலாவையும் மகளையும் நுளம்பு கடித்தது. திரும்பி வந்த நாலாம் நாள் யதுர்ஷாவுக்குக் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குப் பனடோல் பாணி கொடுத்து, மூன்று நாள் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கே, தோட்டத்தில் த்ரீவீல் ஓட்டும் காமிலின் வண்டியில் ஏற்றினேன். பாதி மலை இறங்கும்போது வாந்தி எடுத்தாள்.

“சீட்ட விடுங்க சேர், புள்ளயப் பாருங்க,” என்றான் காமில்.

டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். டெங்கு. உடனே வார்டில் போட்டார்கள்.

சிறுவர் வார்டில் தாய் மட்டும்தான் தங்கலாம். தகப்பன்மார் பகலிலும் மாலையிலும் வந்து பார்க்கலாம். கம்சலாவின் அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். அக்காவுக்குக் கைக்குழந்தை. தாய்க்குப் பதிலாக மாற்றிவிட வேறு பெண் ஆள் இல்லை.

தயானி மிஸ் என்ற தாதி முதல் நாளே எங்கள் இருவருக்கும் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்.

“காய்ச்சல் இருக்கும்போது பயம் இல்ல. காய்ச்சல் விட்டாத்தான் பயம். வயிறு வலி, வாந்தி, கை கால் குளிர், ஒண்ணு வந்தாலும் எனக்குச் சொல்லணும். சரியா அம்மா?”

இதை எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

மறுநாள் பகல் சோற்றுப் பார்சலை நீட்டியபோது கம்சலாவின் கை சுட்டது.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள். “நேத்துல இருந்து எனக்கும் சுடுது. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா என்னயப் பொம்பளைங்க வார்டுக்கு அனுப்பிருவாங்க. பாப்பா யாருக்கிட்ட இருக்கும்? வரும்போது பனடோல் மட்டும் கொண்டாங்க.”

கொண்டுபோனேன். சோற்றுப் பார்சலுக்கு அடியில், தினம் ஒரு கார்ட் மாத்திரை.

பிள்ளை குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று மணிக்கு மணி அளந்து தாளில் எழுத வேண்டும். கம்சலா எழுதினாள். தன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று வெட்கப்படுபவள். அந்தத் தாளில் எண்கள் அச்சடித்தது போல் இருந்தன.

பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் ஹம்ஸியா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சேர், உங்கட வைஃப் ஒரு கப் டீ கூட குடிக்கிற இல்ல. கேட்டா, டொய்லட் போற நேரத்துல புள்ள எழும்பிருமாம். அவக்கும் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்க மிஸ்ஸுக்கிட்ட!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளின் இரத்த அணுக்கள் ஏறிவிட்டன. அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டொக்டர். “நேரத்தோட கொண்டுவந்தீங்க. இப்பிடி எல்லாரும் செஞ்சா எங்களுக்கு வேலை லேசு,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கள் விடியற்காலை கம்சலா கைகழுவும் தொட்டியடியில் விழுந்தாள். நான் போனபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முடிந்தது.

காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார்.

“தெரியாது,” என்றேன். “என்னிடம் சொல்லவில்லை.”

அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. செத்த வீட்டில் பெண்கள் அதையே சொல்லி அழுதார்கள். “கட்டுன புருசனுக்கிட்டக்கூட மறைச்சிட்டியேடி!” நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். துக்கத்தில் குனிந்திருப்பதாக நினைத்து ஒருவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். இன்றைக்கும் கதை அதுதான்.

போன கிழமை யதுர்ஷா கேட்டாள்: “அம்மா பொய் சொன்னாங்களாப்பா?”

இல்லை என்றேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் வாசிக்கப் பழகும்போது இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு மாலை, பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. கம்சலா வார்டு வாசல்வரை வந்தாள். தனக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. நல்லது என்று நினைத்தேன்.

“வயிறுதான் ஒரு மாதிரியா வலிக்குது,” என்றாள். “மிஸ் அந்தா நிக்கிறாங்க. சொல்லிருவோமாங்க?”

தயானி மிஸ் பத்தடி தள்ளி மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார்.

“காலையில துண்டு வெட்டிருவாங்க,” என்றேன். “இப்பப் போய்ச் சொன்னா ஒன்னயக் கொண்டுபோய் வேற வார்டுல போட்டுருவாங்க. பாப்பா தனியாக் கெடந்து கத்தும். பட்டினி கெடந்தா வயிறு வலிக்காம என்ன செய்யும்? இன்னும் ஒரு ராத்திரிதானே. சமாளி.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. கம்சலா சிரித்தாள்.

“சரிங்க சேர்,” என்றாள். “படிச்சவங்க நீங்க. நீங்க சொன்னா சரி.”