வெள்ளை வளையம் போட்ட மரங்கள்

பஸ்தியாம்பிள்ளையைச் சும்மா விடுவதில்லை என்று றூபினி முடிவெடுத்தது லண்டன் மனோர் பார்க்கில், தேவாலய வாசலில். "அருட்பிரகாசம் குடிச்சுப்போட்டுக் காட்டுக்குள்ளை விழுந்தவன்" என்று அவர் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு நின்றது அவள் காதில் விழுந்தது.

அருட்பிரகாசம் அவள் புருசன். சாராயம் தொடாத மனுசன். வேல்ஸில் அரசாங்கத்துக்குச் சொந்தமான பழைய மழைக்காடு ஒன்று, கிளை நுனிவரை பாசி போர்த்த ஓக் மரங்கள். லீவு கிடைத்தால் அவன் அங்கேதான். அந்தக் காட்டில் காற்றில் விழுந்த மரங்களை அகற்ற மட்டும் மர வியாபாரி பஸ்தியாம்பிள்ளைக்கு ஒப்பந்தம். தொடக்கூடாத மரங்களுக்கு வனத்துறை வெள்ளை வளையம் பூசியிருந்தது. அவற்றையும் வெட்டி விழுத்துவதைக் கண்டு அருட்பிரகாசம் குறுக்கே போய் நின்றான். பஸ்தியாம்பிள்ளையின் ஆட்கள் அவனைச் சரிவில் தள்ளிவிட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியது. தானே வழுக்கி விழுந்தான் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சாதித்தார்கள்.

றூபினி சண்டைக்குப் போகவில்லை. சிரித்துக்கொண்டு போனாள்.

"அண்ணை, வீட்டுக்குப் புதுசா நிலப்பலகை போடப்போறம். நல்ல பழைய ஓக், அகலமாக் கிடைக்குமோ? என்ரை மனுசன்ரை கதையை விடுங்கோ, அவரின்ரை குணம் தெரியும்தானே."

புருசனைத் தானே இறக்கிச் சொன்ன அந்தச் சொல் நாக்கைச் சுட்டது. பொறுத்துக்கொண்டாள்.

"எட்மண்டனிலை இருக்கிற என்ரை மர யார்ட்டுக்கு வா தங்கச்சி. வெளியாக்களுக்குக் காட்டாத சாமான் இருக்கு."

சனிக்கிழமை போனாள். கூடவே ஒரு வெள்ளைக்காரப் பெண். "இவதான் எங்கடை வீட்டுப் பலகை வேலையைப் பாக்கிறவ" என்றாள். பஸ்தியாம்பிள்ளை பெருமையோடு தார்ப்பாயை இழுத்தார். அறுக்காத அடிமரங்கள். பாசி இன்னும் பச்சையாகவே இருந்தது. அதற்கு நடுவே வெள்ளை வளையம்.

வந்தவள் வனத்துறை அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள்.

பஸ்தியாம்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. "தங்கச்சி, ஒரே கோயில் ஆக்களெல்லே நாங்கள்! என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா மிச்சத்தை வெட்டாமல் விட்டிருப்பனே."

"தெரியும் அண்ணை. அதுதான் சொல்லேல்லை."

அந்தக் கிழமையே வெட்டு நின்றது. மிச்சக் காடு தப்பியது. ஒப்பந்தம் போய், யார்ட்டுக்குப் பூட்டு விழுந்து, வழக்கும் வந்தது.

ஒரு பின்னேரம் பஸ்தியாம்பிள்ளை வாசலில் வந்து நின்றார். வாய் திறக்க முதல் கண் கலங்கிவிட்டது.

"ஆரப்பா அது?" என்று உள்ளேயிருந்து கேட்டான் அருட்பிரகாசம்.

"ஒருத்தருமில்லை" என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிக் கதவைச் சாத்தினாள் றூபினி.

அருட்பிரகாசம் ஊன்றுகோலோடு ஜன்னலடிக்கு வந்து, தெருவில் போகிறவரைக் கண்டுவிட்டான். "பாவமடி, உள்ளுக்கு விட்டிருக்கலாம்." அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

றூபினி புட்டை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். அவளுக்கு நல்ல பசி.