ஆறும் ஒரே வேளையில்

கணவன் முஹ்சினின் வயிறு அடங்கிவிட்டது என்று ஜெய்னப் காலையில் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். பிற்பகல் மூன்றரைக்கு அதே வயிற்றைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். உப்பிக் கல்லாகியிருந்தது.

ரமலான் நோன்பின் பதினேழாம் நாள். இரண்டு நாளாகப் பேதி. ஜூஜுவாடியில் பஞ்சர் கடை வைத்திருப்பவன் லாரிக்கு அடியிலிருந்து எத்தனை முறை எழுந்து ஓடுவான்? மெடிக்கலில் மாத்திரை வாங்கினான். மூன்று வேளை, வேளைக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் என்றார்கள். நோன்பு என்று இவனும் வாயைத் திறக்கவில்லை.

"எத்தன போட்டீங்க?"

"இன்னிக்கு விடியக்காலம் ஸஹர் சாப்பாட்டுக்கு முன்னாடி ஆறு. நேத்து நோன்பு திறக்கறப்ப ஆறு."

"ஒரே வாட்டியா?"

"பகல்ல சாப்பாடு ஏது? அதான் ஒரு நாள் மாத்திரைய மொத்தமாப் போட்டேன். ராத்திரி தொழுகையில நிக்கணுமே, அதுக்குத்தான் நேத்து சாயங்காலம் இன்னொரு ஆறு. பேதி நின்னுடுச்சு இல்ல?"

கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பேசும்போதே மூச்சு வாங்கியது. ஜெய்னப் அவன் மார்பில் கை வைத்தாள். துடிப்பு ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது.

"தண்ணி குடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நோன்பு திறக்கற பாங்குக்கு இன்னும் மூணு மணி நேரந்தான். அப்புறம் போலாம்."

"முடியாதவங்க நோன்ப விடலாம்னு அல்லாஹ்வே சொல்லியிருக்கான்."

"தாங்குவேன்."

உப்பும் சர்க்கரையும் கரைத்த டம்ளரை நீட்டினாள். அவன் வாயை இறுக்கிக்கொண்டான். கெஞ்ச நேரமில்லை. அவன் பார்க்கப் பார்க்க அவளே பாதியைக் குடித்தாள்.

"என் நோன்பு போச்சு. எனக்கு நீங்க வேணும். குடிங்க."

அவள் அவ்வளவு பயந்து அவன் பார்த்ததில்லை. அப்போதுதான் அவனுக்கும் பயம் வந்தது. குடித்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் ஓடிய கோட்டை டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார்.

"குடல் அசையவே இல்லைம்மா. இதயத் துடிப்பும் தாறுமாறா இருக்கு. ஆறு ஆறாப் போட்டதோட வேலை இது. மிச்ச மாத்திரை எங்கே?"

அவன் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம். ஆறு மாத்திரைகள், கூடவே ஒரு பேரீச்சம்பழம்.

"இது எப்பப் போட?"

"இன்னிக்கு... நோன்பு திறக்கறப்ப."

டாக்டரம்மா மாத்திரைகளை எடுத்துக்கொண்டார். பேரீச்சம்பழம் ஜெய்னப்பின் உள்ளங்கையில் தங்கியது.

வெளியே இருட்டும் முன் பாங்கு கேட்டது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்துக்குத்தான் அவன் அந்த ஆறையும் விழுங்கியிருப்பான்.